லீவுன்னா ஊருக்கு மட்டும்தானா?

"டூரெல்லாம் இங்க ஃபேமிலி வச்சிருக்கவனுக்குத்தான் தம்பி. நமக்கு லீவு கெடச்சா ஊருக்குப் போவணும், இல்லன்னா ரூம்ல படுத்துத் தூங்கணும்."

எங்க ரூம்ல மூத்தவரு, மன்னார்குடிப் பக்கத்து அண்ணன், சப்பாத்திக்கு மாவு பெசஞ்சுக்கிட்டே சொன்னது இது. ஈத் லீவுக்கு பக்கத்து ஃப்ளாட் பசங்க ஜார்ஜியா போறாங்கன்னு பேச்சு வந்துச்சு, நானும் சும்மா "எவ்ளோ ஆவும்ணே?"ன்னு கேட்டேன், அதுக்கு வந்த பதில். அவரு சொல்லிட்டு மாவ உருட்ட ஆரம்பிச்சிட்டாரு, எனக்குத்தான் உள்ள போய் உக்காந்துக்கிச்சு. அவர் சொன்னது தப்புன்னும் தோணல, சரின்னு விடவும் மனசு வரல. ஷார்ஜாலேர்ந்து துபாய்க்கு இ303 பஸ்ல நின்னுக்கிட்டே போறப்பல்லாம், அல் இத்திஹாத் ரோட்டுல வண்டி நகராம நிக்கிறப்பல்லாம், இதேதான் மண்டைக்குள்ள ஓடும்.

இங்க இருக்குறவங்களுக்கு ஜார்ஜியா, அஜர்பைஜான், ஆர்மீனியா எல்லாம் நம்ம ஊர்க்காரங்களுக்கு கொடைக்கானல் மாதிரி ஆயிருச்சு. ஃப்ளைட்ல மூணு, மூணரை மணி நேரம். ஜார்ஜியா தலைநகர் திபிலிசிக்கு ஷார்ஜாலேர்ந்தும் போகுது, துபாய்லேர்ந்தும் போகுது. இங்கத்த ரெசிடென்ஸ் விசா இருந்தா ஜார்ஜியாவுக்கு தனியா விசா எடுக்காம போறவங்கதான் நெறைய (ரூல்ஸ் அடிக்கடி மாறுது, போறவங்க பாத்துட்டுப் போங்க). போய்ட்டு வந்தா எல்லார் ஸ்டேட்டஸ்லயும் ஒரே போட்டோதான்: குடவுரில பனில விழுந்து எழுந்திரிக்கிற வீடியோ, கஸ்பெகி மலைமேல அந்த ஒத்தச் சர்ச்சு, சல்ஃபர் குளியல் பக்கத்துல ஒரு செல்ஃபி. நான் அதையெல்லாம் பாத்து பொறாமப்பட்டேனான்னு கேட்டா, பட்டேன். ஆனா பனிய பாக்கணும்ங்குற ஆசையில இல்ல. சும்மா, எந்தக் காரணமும் சொல்லாம, ஒரு எடத்துக்குப் போறாங்களேன்னுதான்.

ஏன்னா நாங்க பேச்சிலர். கல்யாணம் ஆயி, ஒன்னாவது படிக்கிற பொண்ணு இருந்தாலும் இங்க நான் பேச்சிலர்தான், "ஒன்லி ஃபேமிலி"ன்னு போர்டு போட்ட பில்டிங்ல எனக்கு ரூம் கெடையாது. குடும்பத்த இங்க கூட்டிட்டு வந்து வைக்கிறதுக்கு சட்டம் கேக்குற சம்பளம் எனக்கு வந்துருச்சு, ஆனா அந்த சம்பளத்துல வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் கட்டிப் பாத்தா பத்தாம் தேதிக்கு மேல என்ன சாப்புடுறதுன்னு தெரியாது. அதனால பெட் ஸ்பேஸு (ரூம்ல ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு), மெஸ்ஸு, வெள்ளிக்கிழமை வீடியோ கால். இதெல்லாம் புதுசா நான் சொல்லணுமா என்ன.

லீவு ஃபார்ம்ல இல்லாத எடம்

நான் ஒரு எம்இபி (பில்டிங்குக்கு ஏசி, கரண்ட்டு, பிளம்பிங் வேலை பாக்குற) காண்ட்ராக்டிங் கம்பெனில டிராஃப்ட்ஸ்மேன். ஏசி டக்ட், சில்டு வாட்டர் பைப், ஃபயர் ஃபைட்டிங் லைன் எல்லாம் ஒன்னோட ஒன்னு முட்டாம ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல போற மாதிரி ஷாப் டிராயிங் போடணும். போட்டு அனுப்புனா கன்சல்டன்ட் பாத்துட்டு கோட் குடுப்பாரு. ஏ வந்தா அப்ரூவ்டு, அது யாருக்கும் வந்து நான் பாத்ததில்ல. பி வந்தா கமெண்ட்ஸோட வேலைய ஆரம்பிக்கலாம், அன்னைக்கு பிரியாணி. சி வந்தா மறுபடியும் முதல்லேர்ந்து. போன வருஷம் ஒரு பேஸ்மெண்ட் டிராயிங் சி, சி, சின்னு வந்து வந்து, கடைசில ரிவிஷன் நம்பர பாத்து நாங்களே சிரிச்சோம். இப்ப அந்த பில்டிங் ஹேண்ட்ஓவர் நேரம், அஸ்-பில்ட் டிராயிங் (கட்டி முடிச்சது எப்புடியோ அப்படியே வரையறது) போயிட்டிருக்கு, இந்த நேரத்துல லீவுன்னு வாயத் தொறந்தாலே மேனேஜர் கண்ணாடிய கழட்டி டேபிள்ல வச்சிட்டு ஒரு பார்வ பாப்பாரு.

சட்டப்படி பாத்தா லீவு நம்ம உரிமை. 2022 பிப்ரவரிலேர்ந்து நடைமுறைல இருக்குற தொழிலாளர் சட்டத்துல ஒரு வருஷம் முடிச்சவனுக்கு வருஷத்துக்கு 30 நாள் சம்பளத்தோட லீவு. ஆனா எப்ப போறதுன்னு தேதிய கம்பெனி முடிவு பண்ணலாம்னும் அதே சட்டத்துலதான் இருக்கு, அந்த ஒரு வரிய மட்டும் எங்க ஹெச்ஆர் நல்லா மனப்பாடம் பண்ணி வச்சிருக்காரு. எங்க கம்பெனில டிக்கெட் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா. லீவு ஃபார்ம்ல "காரணம்"னு ஒரு கட்டம் இருக்கு. அதுல கல்யாணம், காதுகுத்து, கெரகப்பிரவேசம், உடம்பு சரியில்ல, சாவு, இதுல ஏதாவது ஒன்னு இருந்தாத்தான் ஃபார்ம் நகரும். எங்க ஆபீஸ்ல ஒரு நேபாளித் தம்பிக்கு எத்தன பாட்டிங்கன்னு அவனுக்கே கணக்கு தெரியாது. அதுக்குக் கீழ "செக்டார்"னு, டிக்கெட் எந்த ஊருக்குன்னு எழுத, இன்னொரு கட்டம். எனக்கு அதுல எப்பவும் திருச்சின்னு அவங்களே டைப் பண்ணித்தான் குடுப்பாங்க. வேற ஊர் பேர எழுதுனா என்ன ஆகும்னு அதுவரைக்கும் எனக்கு கேக்கத் தோணுனதே இல்ல.

பாஸ்போர்ட்டும் ஆபீஸ் லாக்கர்லதான் இருக்கு. வாங்கி வச்சிக்கக் கூடாதுன்னு சட்டம், அது எனக்கும் தெரியும், ஹெச்ஆருக்கும் தெரியும். "சேஃப் கஸ்டடி"ன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு வச்சிக்குறாங்க. எடுக்கணும்னா எதுக்குன்னு எழுதிக் குடுக்கணும். "சுத்திப் பாக்க"ன்னு எப்புடி எழுதுறதுன்னுதான் எனக்கு முதல்ல யோசனையே.

போன லீவோட கணக்கு

இந்த யோசனை எல்லாம் சும்மா மனசுக்குள்ள ஓடிட்டு அப்படியே அடங்கிப் போயிருக்கும். அடங்காம போனதுக்குக் காரணம் ஒரு ராத்திரி. ரமலான் மாசம், வேலை நேரம் ரெண்டு மணி நேரம் கம்மி, ரூமுக்கு வெளிச்சத்துலயே வந்தாச்சு. ஜார்ஜியா டிக்கெட் எவ்ளோன்னு சும்மா பாத்தேன். ஈத் லீவு எந்தத் தேதின்னு பிறை பாத்தாத்தான் தெரியும், ஆனா டிக்கெட் வெலைக்கு பிறையெல்லாம் பாக்க வேண்டியதில்ல போல, அது ஒரு மாசம் முன்னாடியே ஏறி உக்காந்திருந்துச்சு. சே, இவ்ளோ காசான்னு மூடி வச்சேன். மூடி வச்சப்பதான், சரி, போன தடவ ஊருக்குப் போனப்ப எவ்ளோ ஆச்சுன்னு பாப்போமேன்னு தோணுச்சு. எக்ஸெல்ல தெறந்து, பேங்க் ஸ்டேட்மெண்ட், ஜிபே ஹிஸ்டரி எல்லாத்தையும் வச்சு ஒவ்வொரு வரியா ஏத்த ஆரம்பிச்சேன். ஆபீஸ்ல பூரா பைப் சைஸ் டேபிள் போடுறவனுக்கு இது ஒரு வேலையா.

ஜூலைல போனேன், இங்க ஸ்கூல் லீவு நேரம், திருச்சி டிக்கெட் போக வர 1,700 திர்ஹாம், அது கம்பெனி டிக்கெட் இல்லாத வருஷம். 30 கிலோ பெட்டில போன சாமான், பால் பவுடர், சோப்பு, சென்ட்டு, பிஸ்தா, மாமாவுக்கு ஒரு போன். ஊர்ல எறங்குனதும் போர்வெல் மோட்டார் காயில் போயிருந்துச்சு, புது மோட்டாரு. ரெண்டு கல்யாணத்துக்கு மொய். அக்கா மகளுக்கு காதுகுத்து, நான் தாய்மாமன், இதுக்கு மேல அந்த வரியப் பத்தி நான் எதுவும் சொல்லப் போறதில்ல. குலதெய்வம் கோயில் கொடைக்கு வரி. ஒரு சேக்காளிக்கு கைமாத்து, அது கைய மாத்திப் போனது போனதுதான். அப்பாவுக்கு சுகர் டெஸ்ட்டு, கண் ஆபரேஷன். சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் போயிட்டு வர வாடகைக் காரு. அப்புறம் வந்து போறவங்களுக்கெல்லாம் கறிச்சோறு. கீழ கூட்டிப் பாத்தா மூணு லட்சத்த தாண்டிருச்சு.

அந்தத் தொகைய பாத்து எனக்கு அதிர்ச்சியெல்லாம் இல்ல, உள்ளூர தெரிஞ்சதுதான். இதுல எந்த வரியையும் நான் வேண்டாத செலவுன்னு அடிக்கவும் மாட்டேன், அப்பாவுக்கு கண்ணு தெரியுது, தண்ணி வருது. வேற ஒன்னுதான் என்ன உக்கார வச்சிருச்சு. நானும் என் வீட்டுக்காரியும் பாப்பாவும், நாங்க மூணு பேர் மட்டும் எங்கயாவது போய் செலவு பண்ணுனது எதுன்னு கலர் அடிச்சு வைப்போம்னு தேடுனேன். தஞ்சாவூர் பெரிய கோயில் போனோம், அதுல சித்தப்பா வீட்டு ஆளுங்களும் சேத்து ஒரு வேன். புதுக்கோட்டைல படத்துக்குப் போனோம், அதுல பசங்க நாலு பேரு. தேடித் தேடி கடைசில ஒரே ஒரு வரிதான் தேறுச்சு: ஐஸ்கிரீம் கடை, 310 ரூவா. அதுவும் அப்பாவோட ரிப்போர்ட் வாங்கப் போன அன்னைக்கு, லேப்ல ரெடியாக ஒரு மணி நேரம் ஆவும்னு சொன்னதால போனது. பாப்பா பட்டர்ஸ்காட்ச் கேட்டா, இல்லன்னு சொல்லி வெனிலா குடுத்தாங்க, அது வரைக்கும் ஞாபகம் இருக்கு. ஒரு மாச லீவுல எங்களுக்குன்னு கெடச்சது அந்த லேப்காரன் குடுத்த ஒரு மணி நேரம்.

நான் அந்த ஒரு செல்லுக்கு மஞ்சக் கலர் அடிச்சிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். ஊருக்குப் போறது லீவு இல்ல, அது இன்னொரு டியூட்டி. பிடிச்ச டியூட்டி, செய்ய வேண்டிய டியூட்டி, அதெல்லாம் சரி. ஆனா அதையே லீவுன்னும் சொல்லி, அதுலயே ஓய்வும் எடுத்துக்கன்னு சொன்னா எப்புடி?

மூணாவதா ஒரு ஊரு

சரி, அவங்கள இங்க விசிட் விசால கூட்டிட்டு வந்தா என்னன்னு கேப்பீங்க. மன்னார்குடி அண்ணன் ஒரு வருஷம் அப்படித்தான் அண்ணிய கூட்டிட்டு வந்தாரு. ஒரு மாசத்துக்கு ஃபேமிலி ரூம் ஒன்னு வாடகைக்குப் புடிச்சு, டெபாசிட் கட்டி. அவருக்கு வாரத்துல ஆறு நாள் சைட்டு, காலைல அஞ்சரைக்குப் போனா ராத்திரி எட்டு மணி. அண்ணி பகல் பூரா ஜன்னல் வழியா எதிர்த்த பில்டிங் ஏசி யூனிட்ட எண்ணிக்கிட்டு உக்காந்திருந்திருக்காங்க. ரெண்டு வெள்ளிக்கிழம க்ரீக்ல அப்ரா போட்டுல போனது, ஒரு நாள் புர்ஜ் கலிஃபாவ கீழேர்ந்து பாத்தது, அவ்ளோதான். போறப்ப ஏர்போர்ட்ல "இதுக்கு நான் ஊர்லயே இருந்திருப்பேன்"ன்னு சொல்லிட்டுப் போனாங்களாம். இத அண்ணன் எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னாரு. அவரு டூரப் பத்தி அப்படிப் பேசுனது எங்கேர்ந்து வந்துச்சுன்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு.

ஊர்லயும் தனியா இருக்க முடியாது, இங்கயும் முடியாது. அப்ப ரெண்டுமில்லாத ஒரு ஊரு வேணும், நான் இங்கேர்ந்து வந்து எறங்கணும், அவங்க அங்கேர்ந்து வந்து எறங்கணும். ஜார்ஜியா ஒத்து வராது, எனக்கு ரெசிடென்ஸ் விசா இருக்கு, அவங்களுக்கு ஏது? அவங்க தனியா விசா எடுக்கணும், புதுக்கோட்டைலேர்ந்து திபிலிசிக்கு எத்தன ஃப்ளைட் மாறணும். தேடுனப்ப கோலாலம்பூர் வந்து நின்னுச்சு. 2023 டிசம்பர்லேர்ந்து இந்திய பாஸ்போர்ட்டுக்கு மலேசியால 30 நாள் வரைக்கும் விசா வேணாம், ஆன்லைன்ல ஒரு அரைவல் கார்டு மட்டும் போடணும். திருச்சிலேர்ந்து நேரா ஃப்ளைட்டு, நாலு மணி நேரம். நான் கொழும்பு வழியா போனா கொஞ்சம் கம்மில முடியும். அஞ்சு ராத்திரி, மூணு பேர் டிக்கெட்டு, ரூமு, சாப்பாடு, எல்லாம் சேத்து ஒன்னேகால் லட்சம் பக்கத்துல நின்னுச்சு. எக்ஸெல்ல பழைய ஷீட்டுக்குப் பக்கத்துலயே புது ஷீட்டு.

மலேசியாங்குறது எங்க வீட்டுக்குப் புதுசும் இல்ல. தாத்தா நாகப்பட்டினத்துல ராஜுலா கப்பல் ஏறி பெனாங்கு போய் எஸ்டேட்ல கணக்கு எழுதுனவரு. பெரியப்பா சிங்கப்பூர் ஷிப்யார்டு. அப்பா மஸ்கட்டு. இப்ப நான் இங்க. மூணு தலைமுறையா வெளிநாடு போற குடும்பம், ஒருத்தரும் ஒரு ஊர சுத்திப் பாக்கப் போனதில்ல. தாத்தாகிட்ட சின்னப் புள்ளைல "மலேயா எப்புடி இருக்கும் தாத்தா?"ன்னு கேட்டப்ப அவரு சொன்னது "அட்டை கடிக்கும்"ங்குறது மட்டும்தான். அப்பாவ மஸ்கட்டப் பத்திக் கேட்டா சூடுன்னுவாரு. என் பொண்ணு நாளைக்கு என்கிட்ட கேட்டா நான் என்னத்த சொல்ல, "கோட் சி"ன்னா?

பத்துமலைக்கு ஒரு வேண்டுதல்

வீட்டுக்காரிகிட்ட சொன்னப்ப முதல் பதில் "வேணாங்க". "அந்தக் காசுக்கு ஊருக்கு வந்துட்டுப் போங்க. நீங்க வராம நாங்க அங்க கெளம்பிப் போனா ஒங்க அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது? தெருவுல என்ன பேசுவாங்க?" நான் எக்ஸெல் ஷீட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புனேன், மஞ்சக் கலர் அடிச்ச செல்லோட. ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல. மறுநாள் மத்தியானம், நான் சைட் ஆபீஸ் கேபின்ல டிபன் பாக்ஸ தொறக்குறப்ப ஒரு வாய்ஸ் மெசேஜ்: "பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூவாயாமே, பாப்பாவுக்குக் கொஞ்சம் கம்மியாம். நான் எங்க அண்ணன விட்டு ஆன்லைன்ல போடச் சொல்லவா?" அவ்ளோதான் சொன்னா. எனக்கு அன்னைக்கு சோறு எறங்கவே இல்ல, சந்தோஷத்துலதான்.

ஆனா அவங்க தனியா வர்றதுல எனக்கே கொஞ்சம் ஒதறல் உண்டு. திருச்சி-கோலாலம்பூர் ஃப்ளைட்டுன்னா குருவிங்களும் (அடுத்தவங்க சாமான கைல கொண்டு போய்க் குடுக்குறவங்க) போவாங்க, டூரிஸ்ட்டுன்னு போய் அங்க வேலைக்கு நின்னுடுறவங்களும் போவாங்க, அதனால ரெண்டு பக்கமும் இமிகிரேஷன்ல துருவித் துருவிக் கேள்வி கேப்பாங்க. ரிட்டர்ன் டிக்கெட்டு, ஹோட்டல் புக்கிங், கைல காசு எல்லாம் காட்டணும். முதல் தடவ ஃப்ளைட் ஏறுறவ, புள்ளையும் கைல. நான் ஆறு மணி நேரம் முன்னாடியே அங்க போய் எறங்கி வாசல்ல நிக்கிற மாதிரிதான் என் ஃப்ளைட்ட பாத்துக்கிட்டிருக்கேன்.

ரகசியமா வச்சு கடைசில அம்மாகிட்ட சொல்லலாம்னு திட்டம். அத ஒடச்சது போலீஸ் வெரிஃபிகேஷன். ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்கு ஆளு வந்து, பக்கத்து வீட்டுல ரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போக, சாயந்தரத்துக்குள்ள தெரு பூரா நான் குடும்பத்த துபாய்க்குக் கூட்டிட்டுப் போறதா முடிவாயிருச்சு. அம்மா போன்ல, "கூட்டிக்கிட்டுப் போறதுன்னா போ, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடா?"ன்னு தொண்டை அடைக்கக் கேக்குது. நான் இல்லம்மா, அது வந்தும்மான்னு இழுக்குறேன். பக்கத்துல இருந்த வீட்டுக்காரி போன வாங்கி ஸ்பீக்கர்ல போட்டு ரொம்ப நிதானமா சொல்றா: "அத்தை, பத்துமலை முருகனுக்கு ஒரு வேண்டுதல். போயிட்டு அஞ்சு நாள்ல வந்துடுவோம்."

அடுத்த செகண்டு அம்மா குரலே மாறிப்போச்சு. "முருகனுக்கா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" எங்க ஊர்ல ஒரு பொம்பள ஊர விட்டு வெளிய போகணும்னா அதுக்குக் கோயில் ஒன்னு வேணும், அம்மாவும் பழனி, திருச்செந்தூர், சமயபுரம்னு அப்படித்தான் அதோட ஊரயெல்லாம் பாத்திருக்கு. என் எக்ஸெல் ஷீட்டு, சட்டம், மூணு தலைமுறைன்னு நான் யோசிச்சு வச்சிருந்த எந்த நியாயத்தையும் அம்மாகிட்ட சொல்ல வேண்டிய அவசியமே வரல. பத்துமலை கோலாலம்பூர் பக்கத்துலதான் இருக்கு, அங்க 272 படி, அத 2018ல கலர் கலரா பெயிண்ட் அடிச்சதுல பாப்பா யூட்யூப்ல பாத்துப் பாத்து எந்தப் படி என்ன கலருன்னு சொல்றா, அதனால பொய்யும் இல்ல, போகத்தான் போறோம். மத்த நாலு நாள் எங்க போறோம்னு யாரும் கேக்கல.

லீவு ஃபார்ம் குடுத்துட்டேன். காரணம்னு போட்ட கட்டத்துல "ஃபேமிலி ரிலிஜியஸ் ஃபங்ஷன்"னு எழுதுனேன், ஹெச்ஆர் ஒரு கேள்வி கேக்கல, செக்டார்ல கோலாலம்பூர்னு இருக்குறத அவரு கவனிச்சாரான்னே தெரியல. சம்பளம் வந்ததும் முதல்ல திருச்சி டிக்கெட்டுதான் போடணும், அதுதான் தெனமும் ஏறுது. ஒரே ஒரு சிக்கல் பாக்கி. வேண்டுதல்னா சும்மா போகக் கூடாதாம், பாப்பாவுக்கு அங்கேயே மொட்டை போட்டுட்டு வரணும்னு அம்மா உத்தரவு. பாப்பா முடியாதுன்னு அழுது தலைய ரெண்டு கையால புடிச்சிக்கிட்டா, அவ அம்மாவும் அவ கட்சி. பேசிப் பேசி கடைசில மொட்டை எனக்குன்னு முடிவாயிருக்கு. அதுவும் ஒரு வகைல நல்லதுதான், மொட்டைத் தலையோட சைட்டுக்குத் திரும்பிப் போனா மேனேஜர் ஊருக்குப் போயிட்டு வந்திருக்கான்னு அவராவே நெனச்சுக்குவாரு.